நறுமணம் அறிதல்: கிராமத்தார்க்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்குக் கல்வி

ஓய்வு நேரத்தைப் பயனுள்ள வகையில் கழிப்பது எவ்வாறு என்னும் வினா, கிராமங்களில் நாம் கலந்துகொள்ளும் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. வாசகசாலை, பந்தாட்டம், பஜனை, காய்கறித் தோட்டம் என்று பலரும் பல வழிகளைக் கூறுவர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு பொழுதுபோக்கும் உண்டு. வாசனைத் திரவியங்களையும், அவை பிறக்கும் மூலப்பொருள்களையும் முகர்ந்து, வேறுபடுத்தி, குறித்துவைத்துப் பழகுவதே அது. பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் இதனை ஆர்வத்துடன் பயில்வோர் பலர். சிறு குப்பிகளில் தைலங்களைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எந்நாட்டில், எச்செடியின் எவ்வுறுப்பிலிருந்து, எம்முறையில் எடுக்கப்பட்டது என்று ஆராய்ந்து அவர்கள் மகிழ்கின்றனர்.

"உழுது பிழைக்கிறவனுக்கு அத்தர் எதற்கு, ஐயா?" என்று பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒருமுறை கேட்டார். அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இன்று கூற முற்படுகிறோம். அந்த அத்தருக்கு வேண்டிய வேரையும் பூவையும் புல்லையும் மரத்தையும் விளைவிப்பவர் உழவரே. விளைந்த பொருளின் குணத்தை வாங்குவோர் மூக்கினாலேயே அறிந்து விலை கூறுகின்றனர். விற்பவரோ எடையை மட்டும் அறிந்து, கொடுத்த விலையைப் பெற்றுத் திரும்புகின்றார். அறிவில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வே பணத்திலும் ஏற்றத்தாழ்வாக முடிகின்றது. இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை. நமது ஒன்றியத்தில் ஓர் ஏரிக்கரை சரிந்தபின்னரே அறிந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் பாடத்தைத் தொடங்குவோம்.

1. மணம் என்பது யாது?

ஒரு பொருள் மணக்கிறது என்றால், அப்பொருளின் மிக நுண்ணிய கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து நமது மூக்கினுள் சென்று சேர்கின்றன என்பது பொருள். ஆவியாகாத பொருளுக்கு மணமில்லை. கண்ணாடிக்கும் கல்லுக்கும் வாசனை இல்லாதது இதனாலேயே.

எல்லாக் கூறுகளும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. இதனைக் காசு செலவின்றி வீட்டிலேயே கண்டறியலாம். மூன்று காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மீது எலுமிச்சம்பழத் தோலை அழுத்திப் பிழியுங்கள். மற்றொன்றில் இரண்டு மல்லிகைப் பூக்களை வைத்து மடியுங்கள். மூன்றாவதில் அரைத்த சந்தனத்தைச் சிறிது தடவுங்கள். மூன்றையும் நாழிகைக்கு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். எலுமிச்சையின் மணம் முதலில் பாய்ந்து வந்து, விரைவிலேயே மறைந்துவிடும். மல்லிகையின் மணம் இரவு முழுதும் இருந்து மெல்ல வாடும். சந்தனமோ பல நாள்கள் கழித்தும் மணந்துகொண்டிருக்கும்.

வாசனைத் திரவியம் செய்வோர் இந்த வேறுபாட்டையே தமது தொழிலின் அடிப்படையாகக் கொண்டுள்ளனர். முதலில் தோன்றுவதை முதல் மணம் என்றும், நடுவில் நிற்பதை இடை மணம் என்றும், இறுதிவரை தங்குவதைக் கடை மணம் என்றும் நாம் தமிழில் வழங்கலாம். நாரத்தை, எலுமிச்சை முதலியவற்றின் தோல் எண்ணெய்கள் முதல் மணம் தருவன. பூக்கள் பெரும்பாலும் இடை மணம் தருவன. சந்தனமும் வெட்டிவேரும் கடை மணம் தருவன. கடை மணம் தரும் பொருள், பிற மணங்களையும் விரைவில் ஓடிவிடாமல் பிடித்துவைக்கும் தன்மையுடையது. வீட்டுக்கு அடித்தளம் எப்படியோ, வாசனைக்குக் கடை மணம் அப்படி.

2. மணத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள்

முதலாவது, பிழிதல். எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளை அழுத்தி எண்ணெய் எடுப்பது இம்முறை.

இரண்டாவது, நீராவியால் வடித்தல். புல், வேர், இலை, மரத்தூள் ஆகியவற்றினூடே நீராவியைச் செலுத்தினால், அது வாசனை எண்ணெயையும் உடன் சுமந்து செல்லும். அந்த ஆவியைக் குளிர்ந்த நீர் சூழ்ந்த குழாயில் செலுத்தினால் எண்ணெயும் நீரும் வெளிவரும். எலுமிச்சம்புல் எண்ணெய் நீரின்மேல் எளிதில் மிதக்கும். வெட்டிவேர் எண்ணெய் ஏறத்தாழ நீரின் கனமே உடையதாதலால் மெதுவாகப் பிரியும். பல மணி நேரம் இடைவிடாது வடித்தாலன்றி முழுதும் வெளிவராது. நீலகிரியில் யூக்கலிப்டஸ் இலையிலிருந்து எடுக்கப்படும் தைலம், இம்முறைக்கு நாம் அனைவரும் அறிந்த உதாரணமாகும்.

மூன்றாவது, கரைத்து எடுத்தல். மல்லிகை போன்ற மென்மையான பூக்கள் நீராவியின் சூட்டைத் தாங்கமாட்டா. ஆதலின் ஹெக்சேன் என்னும் திரவத்தில் பூவின் மணத்தையும் மெழுகையும் கரைத்து, பின் அத்திரவத்தை நீக்கிவிடுகின்றனர். எஞ்சும் மெழுகு போன்ற பொருளை வணிகர் காங்கிரீட் என்பர். அதனைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைக்கும் தூய சாரம் அப்சல்யூட் எனப்படும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும் பொருள். ஆதலால் இது தொழிற்சாலையில் செய்யத்தக்கதேயன்றி வீட்டில் முயலத்தக்கதன்று.

நான்காவது, ஊறவைத்தல். வடநாட்டில் எள்ளையும் மல்லிகைப் பூவையும் மாறிமாறி அடுக்கி, பூவின் மணத்தை எள் ஏற்றபின் அதனை ஆட்டி வாசனை எண்ணெய் எடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. பறித்த பின்னும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும் இயல்பு மல்லிகைக்கு இருப்பதால் இம்முறை அதற்குப் பொருந்துகின்றது.

உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோசி நகரில் அத்தர் வடிக்கும் முறை தனிச் சிறப்புடையது. செம்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுகின்றனர். ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, நீர்த்தொட்டியில் அமர்ந்துள்ள செம்புக் குடத்தில் இறங்கும். அக்குடத்தில் மரபாகச் சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணம் அதனுள் கலந்து தங்கிவிடும். சூளையில் சுட்ட களிமண்ணையும் அங்கு இவ்வாறே வடித்து, முதல் மழையின் மண்வாசனையைக் குப்பியில் அடைக்கின்றனர். 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இம்மணத்தை ஆராய்ந்து, அதற்குப் பெட்ரிக்கோர் என்னும் பெயரைச் சூட்டினர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளுக்கும் மண்வாசனையில் பெரும்பங்கு உண்டு. மழை கண்ட உழவர் மனம் குளிர்வதற்குக் காரணமான மணமும் இவ்வாறு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

3. நம் அருகில் உள்ள மூலப்பொருள்கள்

வாசனைகளை எண்ணி வகைப்படுத்தும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. மாதவி நீராடிய நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கணக்கிட்டுக் கூறுகின்றது. நாமும் நான்கு பொருள்களை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

வெட்டிவேர்: உலகமெங்கும் வாசனைத் தொழிலில் வழங்கும் வெட்டிவர் என்னும் சொல் நமது தமிழ்ச் சொல்லே. வெட்டி எடுக்கப்படும் வேர் என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழி வழியாக அது பிற நாடுகளுக்குச் சென்றது. இன்று உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு ஹெய்ட்டி நாட்டிலிருந்து வருகின்றது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவும் இதற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டக் கடற்கரை மணற்பாங்கில் இது பயிராகின்றது. மணலில் வேர் நீண்டு, அறுபடாமல் எளிதில் வெளிவரும். நட்டு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை சென்றபின் தோண்டுவது வழக்கம். நன்கு முற்றிய உலர்ந்த வேரில், எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். இளவேரின் எண்ணெய் பச்சைப்புல் வாடையுடன் இருக்கும். முற்றிய வேரின் எண்ணெய் கனத்து, மண்ணும் மரமும் கலந்தாற்போல் மணக்கும்.

மல்லிகை: மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது குண்டுமல்லி இனத்தைச் சேர்ந்தது. வாசனைத் தொழிலுக்குக் குண்டுமல்லியோடு பிச்சியும் பெரிதும் வேண்டப்படுகின்றது. மாலை கட்டுவதற்கு மொட்டாகப் பறிக்கின்றோம். ஆனால் மணம் எடுப்பதற்கு மலர்ந்த பூவே வேண்டும், ஏனெனில் மொட்டு விரியும்போதுதான் மணம் பிறக்கின்றது. ஆயிரம் கிலோ பிச்சிப் பூவிலிருந்து ஏறத்தாழ 2½ முதல் 3 கிலோ வரை காங்கிரீட் கிடைக்கும். அதிலிருந்து கிடைக்கும் அப்சல்யூட் ஏறத்தாழ அதில் பாதியே. குண்டுமல்லியில் இவ்வளவு இன்னும் குறைவு. தூய மல்லிகைச் சாரத்தின் விலை ஏன் அவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது இக்கணக்கால் விளங்கும். மல்லிகை மணத்தில் இன்டோல் என்னும் பொருள் சிறு அளவில் உண்டு. அதனைத் தனியே செறிவாக முகர்ந்தால் துர்நாற்றம்; பிறவற்றோடு அளவாகக் கலந்தால் பூவுக்கு உயிர் கொடுப்பதும் அதுவே.

வாசனைப் புற்கள்: எலுமிச்சம்புல்லின் எண்ணெயில் நூற்றுக்கு 75 முதல் 85 பங்கு சிட்ரால் என்னும் பொருள் உண்டு. பாமரோசா என்னும் புல்லின் எண்ணெயில் ஜெரானியால் மிகுதி. அது ரோஜாவை நினைவூட்டும். கேரளத்தில் ஓடக்காலி என்னுமிடத்தில் 1951-ஆம் ஆண்டில் எலுமிச்சம்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வறட்சியையும் தாங்கும் இப்புற்களைக் கால்நடைகள் பெரும்பாலும் விரும்பி மேய்வதில்லை. ஆயிரம் கிலோ புல்லிலிருந்து சில கிலோ எண்ணெயே கிடைக்கும். ஆதலால் வடிகலம் அருகில் இல்லாத ஊரில் இதனைப் பயிரிட்டால் வண்டிச்சத்தமே இலாபத்தை விழுங்கிவிடும்.

சந்தனம்: இது தன் வேரைப் பிற மரஞ்செடிகளின் வேருடன் இணைத்து உணவில் ஒரு பகுதியைப் பெறும் மரம். ஆதலால் துணைச்செடியின்றித் தனியே செழிக்காது. மணம் வெளிமரத்தில் இல்லை. உள்ளே முற்றும் வைரத்தில் உள்ளது. வைரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரம் நில உரிமையாளருக்கே உரியது என்று தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் வெட்டுவதற்கும் விற்பதற்கும் வனத்துறையின் வழியே செல்லவேண்டும். இதனை அறியாது வெட்டி வழக்கில் சிக்குவோர் உண்டு.

4. விலங்குப் பொருள்களும் செயற்கை மணங்களும்

கஸ்தூரி மான், புனுகுப்பூனை, எண்ணெய்த் திமிங்கிலம் ஆகியவற்றிலிருந்து பெறும் பொருள்கள் பழங்காலத்தில் கடை மணத்துக்குப் பெயர் பெற்றவை. கஸ்தூரி மானும் எண்ணெய்த் திமிங்கிலமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கடலோரக் கிராமங்களில் வாழ்வோர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் அம்பர் கட்டி கரையொதுங்கக் கண்டால், அதனை விற்க முற்படுவது குற்றமாகும். வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. கோடி ரூபாய் கிடைக்கும் என்று ஆசை காட்டும் தரகர்களை நம்பிச் சிறை சென்றோர் செய்தியைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம்.

செயற்கை மணங்களைப் பற்றியும் சிறிது அறியவேண்டும். 1868-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பார் கூமரினையும், 1874-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் ஆகியோர் வனிலினையும் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். 1893-ஆம் ஆண்டில் டீமனும் குரூகரும், சிட்ராலிலிருந்து வயலெட் பூவின் மணமுடைய அயனோனைச் செய்தனர். இதனால் எலுமிச்சம்புல் எண்ணெய்க்கு வாசனைத் தொழிலில் புதியதொரு தேவை பிறந்தது. பிற்காலத்தில் சிட்ராலையே தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினர். புல்லெண்ணெய் அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று. புதிய கண்டுபிடிப்பு ஒன்று உழவரின் வயலுக்கு விலை தேடித் தருவதும் உண்டு, பறித்துக்கொள்வதும் உண்டு. இயற்கை யாவும் உயர்ந்தது, செயற்கை யாவும் போலி என்று எண்ணுதல் தவறு. செயற்கையை இயற்கை என்று கூறி விற்பதே போலி.

5. பயிற்சி முறை

இக்கலையைப் பயில விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஐவர் அல்லது அறுவர் கூடி, வாரம் ஒருமுறை வாசகசாலையிலோ பள்ளித் திண்ணையிலோ அமரலாம்.

(அ) முதல் மாதத்திற்கு ஏழு பொருள்கள் போதும்: எலுமிச்சைத் தோல், துளசி, மரிக்கொழுந்து, மல்லிகை, நன்னாரி வேர், வெட்டிவேர், சந்தனம். தனித்தனி மூடிய கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, அடியில் எண் எழுதுக.

(ஆ) ஒருவர் குப்பியைக் காட்டாது கொடுக்க, மற்றவர் கண்ணை மூடி முகர்ந்து பெயர் கூறவேண்டும். முதல் நாளில் மரிக்கொழுந்தையும் துளசியையும் பிரித்தறியாது பலர் திகைப்பர். அதில் வெட்கம் வேண்டா. நாமும் திகைத்தோம்.

(இ) ஒரே அமர்வில் ஐந்தாறுக்கு மேல் முகர்தல் ஆகாது. மூக்கு விரைவில் சலித்துவிடும். இடையிடையே வெளியே சென்று நல்ல காற்றைச் சுவாசித்து வருக.

(ஈ) குறிப்பேடு வைத்துக்கொள்க. நாள், பொருள், எங்கு விளைந்தது, எப்போது பறித்தது, மணம் எதனை நினைவூட்டுகிறது, எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றை எழுதுக. "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதில் பயனில்லை. "நெல் அவித்த மணம்", "மழை பெய்த மண்", "பச்சை வாழைமட்டை" என்று தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு எழுதினால் நினைவில் நிற்கும்.

(உ) இரண்டாம் மாதத்தில் ஒரே பொருளின் வகைகளை ஒப்பிடுக. மணற்பாங்கான நிலத்து வெட்டிவேரையும் களிமண் நிலத்து வேரையும், ஆறு மாத வேரையும் பதினைந்து மாத வேரையும், காலைப் பூவையும் மாலைப் பூவையும் அடுத்தடுத்து முகர்க. உழவருக்குப் பயன்படும் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

(ஊ) கலப்படம் அறிய ஒரு சிறு சோதனை உண்டு. எலுமிச்சம்புல் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் இட்டு ஒரு நாள் விட்டுவைத்தால், தூய எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் போன்றவை கலந்திருந்தால் தாளில் எண்ணெய்க்கறை நிலைத்துநிற்கும். சந்தனம், வெட்டிவேர் போன்ற கனமான எண்ணெய்களுக்கு இச்சோதனை பொருந்தாது. வேறு வகைக் கலப்படங்களை ஆய்வுக்கூடமே காட்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். தைலங்களைக் கலப்பின்றித் தோலில் தடவலாகாது. எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகும். யூக்கலிப்டஸ் தைலம் முதலியவற்றைக் குழந்தைகள் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். வாசனை செய்கிறோம் என்று சாராயம் காய்ச்ச முற்படுவது சட்டவிரோதம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

6. ஓர் ஏரிக்கரை கற்பித்த பாடம்

இப்பொழுதுபோக்கில் நாம் எவ்வாறு ஈடுபட்டோம் என்பதைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது ஒன்றியத்தில் ஓர் ஏரிக்கரையின் சரிவில் வெட்டிவேர் நாற்றுகளை வரிசையாக நட்டோம். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே பத்தடி வரையிலும் இறங்கி மண்ணைப் பிடித்து நிற்கும். உலகின் பல நாடுகளில் மண்ணரிப்பைத் தடுக்க இதனை வேலியாக நடுகின்றனர். இரண்டு மழைக்காலங்களில் நமது கரை அசையாது நின்றது.

மூன்றாம் ஆண்டில் வேர் வாங்கும் தரகர் ஒருவர் ஊருக்கு வந்தார். கரையில் நிற்பதெல்லாம் பணம் என்று கூறினார். ஊரார் நம்மிடம் வந்து கேட்டனர். "புல்தானே, மீண்டும் முளைத்துவிடும், பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாம் வாய்மொழியாகக் கூறிவிட்டோம். அது நமது பிழை. நட்டவர் நாம், எதற்காக நட்டோம் என்பதை மறந்தவரும் நாமே.

கரையின் களிமண்ணில் மண்வெட்டி கொண்டு தோண்டியதில் வேர்கள் அறுந்து துண்டுகளாகவே வந்தன. கரையோ புண்போல் திறந்து கிடந்தது. தரகர் வேரைக் கையில் எடுத்து ஒருமுறை முகர்ந்தார். பேசியதில் பாதி விலையே கொடுத்தார். ஏன் என்று கேட்க ஊரில் எவருக்கும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் தோண்டிய இடத்தில் கரை சரிந்தது. இரவு முழுதும் ஊரார் மணல்மூட்டை அடுக்கினர். ஏரி உடையாமல் தப்பியது. ஆனால் கரையடியிலிருந்த நெல்வயல்கள் சில மண்மூடிப் போயின. வேர் விற்றுக் கிடைத்த தொகை, அவ்வயல்களைச் சீர்செய்யவும் போதவில்லை.

மறுநாள் கரையில் நின்றபோது, வயல் இழந்தவருள் ஒருவரான முதியவர், மிஞ்சிக் கிடந்த வேர்த்துண்டு ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். "மோந்து பாருங்கள், ஐயா. பாதி நேற்றுவிட்ட இளவேர். பாதி களியில் கிடந்த வேர். இதற்கு யார் முழு விலை கொடுப்பார்கள்?" என்றார். அவர் இளமையில் கடலூர்ப் பக்கம் வேர் வெட்டும் வேலைக்குச் சென்றவராம். அவரை எவரும் முன்னதாகக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று மாலை அவரிடமே நமது முதற் பாடம் தொடங்கியது.

கரையில் மீண்டும் நாற்று நடப்பட்டது. கரை வெட்டிவேரை எவரும் தோண்டலாகாது என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. வேருக்கென்று பயிரிட விரும்பிய நால்வர், ஆற்றோரம் தமக்கிருந்த மணற்பாங்கான பட்டா நிலத்தில் தனியே நட்டனர். பதினைந்து மாதம் பொறுத்திருந்து, அறுபடாமல் எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, முகர்ந்து இரண்டு தரமாகப் பிரித்து விற்றனர். தரம் பிரித்த வேருக்கு விலை பேசும்போது அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. பெரும் செல்வம் வந்துவிடவில்லை. ஆனால் கேட்ட விலைக்குக் காரணம் கூற முடிந்தது.

7. பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

(1) மண்ணரிப்பைத் தடுக்க நட்ட வெட்டிவேரும், விற்பனைக்கு நட்ட வெட்டிவேரும் வேறு வேறு என்பதைக் கிராம சபையில் தெளிவாக்கித் தீர்மானம் செய்தல்.

(2) வாசனைப் பயிர் எதனையும் பரவலாகத் தொடங்குமுன், வாங்குவோர் யார், வடிகலம் எவ்வளவு தொலைவில், எத்தரத்திற்கு என்ன விலை என்பவற்றை எழுத்தில் பெறுதல். "நாற்று எங்களிடம் வாங்குங்கள், விளைச்சலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்னும் வாய்மொழியை நம்பி முன்பணம் கொடாதிருத்தல்.

(3) முதலாண்டில் சில சென்ட் நிலத்தில் மட்டும் நட்டு, கணக்கு எழுதிப் பார்த்தபின் விரிவாக்குதல்.

(4) தக்க நிறுவனங்களை அணுகுதல். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளது. இலக்னோவில் 1959-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய மருந்து, வாசனைச் செடிகள் ஆராய்ச்சி நிறுவனமும், கன்னோசியில் 1991-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நறுமணம், சுவை அபிவிருத்தி மையமும் இத்துறைக்கென்றே அமைந்தவை. பயிற்சிக்கும் தைலப் பரிசோதனைக்கும் விண்ணப்பிக்கலாம்.

(5) ஊரில் வேரும் பூவும் மூலிகையும் அறிந்த முதியோரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை முகர்ந்தறியும் பாடம் நடத்தச் செய்தல். அவர்கள் அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் மீட்க வழியில்லை.

முடிவாக, தொடக்கத்தில் வினவிய அங்கத்தினருக்கு நமது விடை இது. உழுது பிழைப்பவர் அத்தர் பூசிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அத்தருக்கு வேண்டியதை விளைவிப்பவர், தாம் விளைவிப்பதன் மணத்தை அறிந்திருத்தல் அவசியம். கண் பயிரின் நோயை அறியும். கை மண்ணின் ஈரத்தை அறியும். மூக்கையும் அவ்வாறே பழக்குவோம். அடுத்த முறை தரகர் வேரை எடுத்து முகரும்போது, அவருக்கு முன்பே நாம் முகர்ந்திருக்க வேண்டும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. உங்கள் ஊரில் மணத்திற்காக விற்கப்படும் பொருள்கள் எவை? அவற்றின் தரத்தை நிர்ணயிப்பவர் யார்?

2. வெட்டிவேரை எவ்விடத்தில் தோண்டலாம், எவ்விடத்தில் தோண்டலாகாது? காரணம் கூறுக.

3. ஆயிரம் கிலோ பூவிலிருந்து மூன்று கிலோ காங்கிரீட்டும், அதில் பாதி அப்சல்யூட்டும் கிடைத்தால், ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு எத்தனை கிலோ பூ வேண்டும்? இன்றைய பூ விலையில் அதன் அடக்கம் என்ன?

4. எலுமிச்சம்புல் பயிரிடுமுன் விசாரித்து அறியவேண்டியவை யாவை?

5. உங்கள் ஊரில் வேரையும் மூலிகையையும் முகர்ந்தே அறியும் முதியோர் எத்தனை பேர் உள்ளனர்? அவர்களை நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது?